நீளாத கயிறு

வந்தவர்: …அதைத்தாம்மா கேக்கறேன். இந்த நீலக் கயிறு பாறை ஏறத் தாங்குமா, தாங்காதா?

கடைப்பெண்: நல்லாத் தாங்கும் சார். யானையையே கட்டலாம்.

வந்தவர்: யானை எதுக்கும்மா பாறை ஏறுது?

கடைப்பெண்: என்ன சார் கேட்டீங்க?

வந்தவர்: ஏன், முகம் மாறிப்போச்சு?

கடைப்பெண்: ஒண்ணுமில்ல சார். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

வந்தவர்: சரி, இந்த நீலத்துக்கும் அந்தச் சிவப்புக்கும் என்ன வித்தியாசம்?

கடைப்பெண்: சிவப்பு கொஞ்சம் விலை ஜாஸ்தி.

வந்தவர்: அதுதான் சீட்டுலயே ஒட்டியிருக்கே. ஏன் ஜாஸ்தி?

கடைப்பெண்: அது… நல்ல சாயம் சார். வெயில்ல போட்டாலும் வெளுக்காது.

வந்தவர்: அடேயப்பா! பாதிப் பாறையில கை நழுவினா சாயம் வந்து பிடிச்சுக்குமா?

கடைப்பெண்: கிண்டல் பண்ணாதீங்க சார். நான் கீழ செருப்புப் பக்கம் இருந்தவ. இங்க ஆள் இல்லைன்னு மாடிக்குத் தள்ளிட்டாங்க.

வந்தவர்: தள்ளினவங்க எதுவும் சொல்லிக் கொடுக்கலையா?

கடைப்பெண்: கொடுத்தாங்களே, ஒரே ஒரு பாடம். வர்றவங்க என்ன கேட்டாலும் ‘தெரியாது’ன்னு மட்டும் சொல்லக் கூடாது. சொல்லிட்டா மேனேஜர் எல்லார் முன்னாலயும் நிக்க வெச்சு…

வந்தவர்: அதனால வாய்க்கு வந்ததைச் சொல்லிடறது.

கடைப்பெண்: வாங்கிட்டுப் போயிடறாங்க சார். யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்ல.

வந்தவர்: திரும்பி வராதவங்க எல்லாம் சௌக்கியமா இருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டே. ம்…

கடைப்பெண்: கயிறு யாருக்கு சார்? உங்களுக்கா?

வந்தவர்: ஏன், நரைச்ச தலையைப் பார்க்கிறியா? வாரம் பூரா லேத்துப் பட்டறை, ஞாயித்துக்கிழமையானா பாறை. கல்யாணத்துக்கு முந்தியிருந்தே அப்படித்தான். கூட்டாளிங்க எவனும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டான். பல்லின்னுதான் கூப்பிடுவான்.

கடைப்பெண்: பல்லியா?

வந்தவர்: சுவத்துல ஒட்டினா விழமாட்டேனாம். எல்லாரும் இதைக் கேட்டதும் சிரிப்பாங்க. உனக்குச் சிரிப்பு வரலையா?

கடைப்பெண்: இல்ல… வருது சார். தண்ணி குடிக்கிறீங்களா?

வந்தவர்: எனக்கெதுக்குத் தண்ணி? உனக்குத்தான் வேர்த்து ஊத்துது. அந்த நீலத்தை அளந்து வெட்டு.

கடைப்பெண்: நீலம் வேணாம் சார்.

வந்தவர்: யானையைக் கட்டலாம்னியே!

கடைப்பெண்: சரக்கு தீர்ந்துபோச்சு.

வந்தவர்: உன் முதுகுக்குப் பின்னால மலைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடக்குதே, அது?

கடைப்பெண்: அது விக்கறதுக்கில்ல. சிவப்பு எடுத்துக்கோங்க. உங்க கால்ல வேணா விழறேன் சார், சிவப்பே எடுத்துக்கோங்க.

வந்தவர்: ஏன்னு சொல்லு, எடுத்துக்கறேன்.

கடைப்பெண்: தெரியாது.

வந்தவர்: என்னது?

கடைப்பெண்: தெரியாது சார். சத்தியமா எனக்குத் தெரியாது.

வந்தவர்: மெதுவா. மேனேஜர் காதுல விழப்போகுது.

கடைப்பெண்: விழட்டும்.

வந்தவர்: …சரி, இங்க வா. நீலத்தை அந்தத் தூணோட கட்டு. முனையைப் பிடிச்சுக்கிட்டு உடம்பைச் சாய்.

கடைப்பெண்: அதை நான் தினமும்…

வந்தவர்: தினமும்?

கடைப்பெண்: ஒண்ணுமில்ல. சாயறேன். அசையவே இல்ல சார். இரும்புக் கம்பி மாதிரி நிக்குது.

வந்தவர்: இப்போ சிவப்பு. நல்லா தூரமாப் போய்ப் பிடி. பயப்படாமச் சாய்.

கடைப்பெண்: இது… இது கொஞ்சம் இறங்கிக் கொடுக்குது.

வந்தவர்: அவ்வளவுதாம்மா விஷயம். நீலம் சாமான் இறக்கற கயிறு, நீளாது. சிவப்பு ஆளைப் பிடிக்கிற கயிறு. மேலேயிருந்து விழற குழந்தையைத் தாய் எப்படிப் பிடிப்பா? கையைக் கொஞ்சம் தாழ்த்தித்தானே? நீலத்துக்கு அந்தத் தாழ்த்தற குணம் கிடையாது. வெடுக்குன்னு நிறுத்தும். விழுந்த வேகம் மொத்தமும் முதுகெலும்புல இறங்கும்.

கடைப்பெண்: அப்போ… கயிறு அறுந்து போகலையா?

வந்தவர்: எந்தக் கயிறும்மா?

கடைப்பெண்: அறுந்திருக்கும்னுதான் சார் நினைச்சேன். நான் நீலம் வெட்டிக் கொடுத்த அந்தப் புள்ளை பாறையில விழுந்து செத்துட்டான்னு பேப்பர்ல படத்தைப் பார்த்ததுலேருந்து, கடை திறந்ததும் அந்தச் சுருளைத்தான் முதல்ல எடுப்பேன். முழம் முழமா இழுத்துப் பார்ப்பேன், எங்கேயாவது நைஞ்சிருக்கான்னு. ஒரு நூல்கூடப் பிரியலை…

வந்தவர்: பிரியாது. எங்க வீட்டுல கிடக்கிறதும் வாங்கினபடியேதான் இருக்கு.

கடைப்பெண்: ‘எங்கப்பா பல்லி, நான் பல்லிக்குட்டிக்கா’ன்னான் சார்.

வந்தவர்: சொன்னானா…

கடைப்பெண்: ‘இது தாங்குமாக்கா’ன்னு கேட்டான். நான்தான் யானையையே கட்டலாம்னு…

வந்தவர்: சிரிச்சானா?

கடைப்பெண்: சிரிச்சான் சார். ‘யானை எதுக்குக்கா பாறை ஏறுது’ன்னான். அடிச்சிடுங்க சார். அதுக்குத்தானே என்னைத் தேடி வந்தீங்க?

வந்தவர்: தேடித்தான் வந்தேன். வித்தவங்க முகத்தை ஒரு தடவை பார்த்துடணும்னு.

கடைப்பெண்: ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் பேச்சை அவன் நம்பலை. முகத்துல தெரிஞ்சுது. அந்த ஜன்னல் பக்கம் போய் யார்கிட்டயோ போன்ல கேட்டான். திரும்பி வந்துதான் ‘சரிக்கா, வெட்டுங்க’ன்னான். அது யாரு சார்? விவரம் தெரிஞ்ச ஆளா இருந்தா, அவராவது வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே…

வந்தவர்: நான்தாம்மா. லேத்து ஓடிட்டிருந்தது, நிறுத்த மனசு வரலை. ‘இதுக்கெல்லாமாடா என்னைக் கூப்பிடுவே? கடையில நிக்கிறவங்களுக்குத் தெரியாததா? அவங்க கொடுக்கறதை வாங்கிட்டு வா’ன்னு போனை வெச்சுட்டேன்.