இருட்டில் வளர்ந்த செடிக்கு மூன்று மதிப்பெண்

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, எனக்குரிய நேரம் எவ்வளவு என்பதை நயமாக உணர்த்தியிருக்கும் தலைவர், தலைமையாசிரியை அம்மையார் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, நான் பேச வைத்திருந்ததில் பாதியைத் தீர்த்துவிட்ட வேதியியல் ஆசிரியர் அவர்களே! வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பயமே இல்லாததுபோல் மீசையைத் தடவிக்கொண்டிருக்கும் தந்தைமார்களே! இன்னும் பத்தே நாளில் உயிரியல் தேர்வு எழுதப்போகும் என் உயிரினும் இனிய மாணவச் செல்வங்களே! உங்கள் ஒவ்வொருவருக்கும் என் வணக்கம்.

"பதினெட்டு ஆண்டுகளாக உயிரியல் விடைத்தாள் திருத்துகிறவர்; இதுவரை ஒரு பிழைகூட இவர் கையில் நேர்ந்ததில்லை" என்று தலைவர் என்னை அறிமுகம் செய்தார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தத் தகவலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

முதலில் தேர்வு. கேட்டது என்ன என்று பாருங்கள்! இதயத்துக்கு எத்தனை அறைகள் என்று ஒரு கேள்வி. ஒரு மதிப்பெண். ஒரு மாணவன் நான்கு பக்கம் எழுதினான். கல்லீரலில் கிளம்பினான், சிறுநீரகத்தில் தங்கினான், நுரையீரலில் மூச்சு வாங்கினான். எல்லா ஊருக்கும் போனவன் இதயத்துக்கு மட்டும் போகவில்லை. அவன் உழைப்பை நான் மதிக்கிறேன். மதிப்பெண்தான் போட முடியவில்லை.

அடுத்தது அலகு. தவளையின் நீளம் எட்டு என்று எழுதினாள் ஒருத்தி. எட்டு என்ன அம்மா? எட்டு சென்டிமீட்டரா, எட்டு மீட்டரா? எட்டு மீட்டர் தவளை ஒன்று வெளியே இருந்தால் நாம் இந்த மண்டபத்தில் இவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருப்போமா? பின்வரிசையில் சிரிக்கும் தம்பி, உன் தாளும் எனக்கே வரலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். ஒரு சோதனையைக் கொடுத்து, அட்டவணையைக் கொடுத்து, என்ன தெரிகிறது என்று கேட்பார்கள். அப்போது அட்டவணையைப் பாருங்கள். புத்தகத்தை நினைக்காதீர்கள், பக்கத்து இருக்கையை நினைக்காதீர்கள், அட்டவணையைப் பாருங்கள்! நான் இதை ஏன் இரண்டு முறை சொல்கிறேன்? கேளுங்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கேள்வி வந்தது. ஒரே வகைப் பயறு. ஒரு தொட்டி வெளிச்சத்தில், ஒரு தொட்டி இருட்டில். பத்து நாள் கழித்து அளந்த அட்டவணை. வெளிச்சத்துச் செடி ஏழு சென்டிமீட்டர், பச்சை. இருட்டுச் செடி பன்னிரண்டு சென்டிமீட்டர், மஞ்சள். என்ன தெரிகிறது? மூன்று மதிப்பெண்.

எனக்குத் திருத்த வந்தவை நாற்பது தாள்கள். முப்பத்தொன்பது பேர் எழுதினார்கள்: "வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும், ஆகவே வெளிச்சத்துச் செடியே உயரமாக வளர்ந்தது." ஆகா, என்ன ஒற்றுமை! கண்ணெதிரே ஏழு என்று இருக்கிறது, பன்னிரண்டு என்று இருக்கிறது. முப்பத்தொன்பது பேரும் பார்க்கவில்லை. ஒரே ஒரு தாளில் மட்டும் இப்படி இருந்தது: "இருட்டில் வளர்ந்த செடி ஐந்து சென்டிமீட்டர் அதிக உயரம். ஆனால் அதன் இலை மஞ்சள், அதனால் உயரத்தை மட்டும் வைத்து நல்ல வளர்ச்சி என்று சொல்ல முடியாது. ஏன் உயர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை."

அந்தத் தாளுக்கு என்ன மதிப்பெண் போட்டிருப்பார்கள்? சொல்லுங்கள் பார்ப்போம். மூன்றா? அங்கே ஓர் அம்மா மூன்று என்கிறார்கள். நல்ல மனம்.

பூஜ்ஜியம். போட்டவன் நான்.

சிரிப்பு நின்றுவிட்டது, கவனிக்கிறேன். விடைக்குறிப்பு சரியாகத்தான் இருந்தது, என் தேநீர்க் கோப்பைக்கு அடியில். எனக்குத்தான் விடை தெரியுமே, குறிப்பு எதற்கு? முப்பத்தொன்பது பேரும் எழுதிய அதே தவறு என் மண்டைக்குள்ளும் இருந்தது. அவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.

முடிவு வந்த வாரம், சட்டைக்கு அளவு கொடுக்க எங்கள் தெருத் தையற்காரரிடம் போனேன். கழுத்தில் நாடாவைச் சுற்றியபடி சொன்னார்: "பெரியவ ரெண்டு மார்க்ல போச்சு சார். என்னடி எழுதினேன்னு கேட்டா, இருட்டுச் செடிதான் உசரம்னு எழுதினாளாம். பைத்தியக்காரி! நல்லா திட்டி விட்டேன். மறுகூட்டலுக்கும் போட்டிருக்கேன்."

கையை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போய்க் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். தேநீர் வட்டத்துக்கு நடுவே பன்னிரண்டு, ஏழு, மஞ்சள். மறுகூட்டலில் என்ன செய்வார்கள்? பூஜ்ஜியத்தை இன்னொரு முறை கூட்டினாலும் பூஜ்ஜியம்தான். நான் ஒரு கடிதம் எழுதியிருந்தால் திருத்தியிருப்பார்கள். எழுதவில்லை. பெயர் கெட்டுவிடும் என்று பயந்தேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடம் போயிற்று.

அதன்பிறகு வருடத்துக்கு ஒரு சட்டை, அதே கடையில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். நான் சட்டைக்குள் மறைத்தேன். ஆறு முறை கையை நீட்டி நின்றிருக்கிறேன், ஒரு முறைகூட வாயைத் திறக்கவில்லை. நான் போட்டிருக்கும் இது ஆறாவது சட்டை.

இதற்குப் போன வாரம் அளவெடுக்கும்போது அவர் சொன்னார்: "இந்த வருஷம் சின்னவ எழுதறா சார். அக்கா மாதிரி கண்ணுல பட்டதை எழுதித் தொலைக்காதே, புத்தகத்துல இருக்கறதை மட்டும் எழுதுன்னு சொல்லிட்டேன்."

என் ஒரு பூஜ்ஜியம் அந்த வீட்டில் இரண்டாவது பிள்ளைக்கும் பாடமாகிவிட்டது. இனியும் நான் பேசாமல் இருக்கலாமா? பதினெட்டு ஆண்டில் பிழையே இல்லை என்று இந்த மேடையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாமா? தலைவர் அவர்களே, உங்கள் தகவலைத் திருத்திக்கொள்ளுங்கள். பிழை இருக்கிறது. அதைச் செய்தவன் நிற்கிறான்.

நான்காவது வரிசையில் இருக்கும் அண்ணே, உங்கள் பெரிய மகள் எழுதியது சரி. அட்டவணையில் இருந்ததை அவள் பார்த்தாள், நான் பார்க்கவில்லை. அவளை நீங்கள் திட்டிய திட்டெல்லாம் எனக்கு வரவேண்டியது. மன்னித்துவிடுங்கள்.

எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் அண்ணே. என்ன? "என்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? அவகிட்ட சொல்லுங்க" என்கிறார். தங்கை எழுதும் தேர்வாயிற்றே என்று, வேலை செய்யும் பரிசோதனைக்கூடத்திலிருந்தே போனில் இந்தக் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். ஒலிபெருக்கிக்காரரே, அந்தப் போனை வாங்கி இங்கே கொடுங்கள்.

கேட்டாயா அம்மா?

"கேட்டேன் சார். அப்போ எத்தனை மார்க்?"

எல்லோர் காதிலும் விழுந்ததல்லவா? சொல்கிறேன் அம்மா. உயரத்தைப் பார்த்ததற்கு ஒன்று. நிறத்தைப் பார்த்ததற்கு ஒன்று. தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதினாயே, குறிப்பில் அதற்கு மதிப்பெண் இல்லை. இருந்தாலும் நான் போடுகிறேன், அதற்கு ஒன்று. அலகு எழுதினாயா?

"எழுதினேன் சார். சென்டிமீட்டர்."

அப்படியானால் மூன்றுக்கு மூன்று.

இந்தக் கைதட்டலைப் போனில் அவள் கேட்கட்டும், எனக்கு வேண்டாம். தலைவர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டுவிட்டார்கள். பத்து நிமிடம் கொடுத்தார்கள், ஆறு வருடம் எடுத்துக்கொண்டேன். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. பத்தாம் நாள் காலையில் அட்டவணையைப் பாருங்கள், பிள்ளைகளே. வணக்கம்.