டிக்கெட் வாங்கிப் போற மலை

நாத்தனார்: ...அப்ப இந்தச் செவப்பு சரளை எப்படி அண்ணி சைக்கிள் டயர்ல ஏறுச்சு? நம்ம குன்னு பூரா கருமண்ணுதான.

அண்ணி: வர்ற வழியில ரோடு வேலை. குழாயத் திற, கழுவிடலாம்.

நாத்தனார்: எந்த ரோட்டுல?

அண்ணி: உனக்கெதுக்கு அது... சரி. போனேன்.

நாத்தனார்: எங்க?

அண்ணி: அங்கதான். சைக்கிள் ஓட்டறதுக்குன்னே மலைய வெட்டி வெச்சிருக்காங்களே.

நாத்தனார்: டிக்கெட் வாங்கிட்டா?

அண்ணி: வாங்காம விடுவானா?

நாத்தனார்: ஞாயித்துக்கிழமைன்னா நாம ரெண்டு பேரு, நம்ம குன்னு. அதான பேச்சு? அண்ணனுக்காவது தெரியுமா?

அண்ணி: உங்கண்ணனுக்கு சைக்கிள்ல ரெண்டு சக்கரம் இருக்கறது தெரியும். அதோட சரி. நீ என்னடான்னா ஒரு மாசமா வேலை வேலைன்னு மண்ணு தோண்டற பொக்லைன்லயே குந்தியிருக்க. நான் தனியாப் போயி நாய்கிட்ட கடி வாங்கணுமா?

நாத்தனார்: நாய் தொரத்துனாத்தான் நமக்கு வேகமே வருது.

அண்ணி: அங்க நாய் இல்ல, முள்ளு இல்ல. பாதைக்குப் பாதை போர்டு. பச்சை போர்டுன்னா பயந்தாங்கொள்ளிக்கு. கறுப்பு போர்டுன்னா இன்சூரன்ஸ் எடுத்தவனுக்கு.

நாத்தனார்: போர்டப் பாத்துத் திரும்பறதுக்கு பஸ்லயே போலாமே.

அண்ணி: கக்கூஸ் இருக்குடி. நம்ம குன்னுல பொதர் தேடி நான் பட்ட பாடு உனக்குத் தெரியாதா?

நாத்தனார்: அத விடுங்க. ஓட்டறதுக்கு எப்படி?

அண்ணி: அது வந்து... கோவிச்சுக்காத. புதுசா ஒரு பாதை தெறந்திருக்கான். அதுல நான் பிரேக்கே புடிக்கல. எந்த வளைவு எப்ப வரும்னு காலுக்கே தெரியுது.

நாத்தனார்: எல்லாம் போர்டப் பாத்திருப்பீங்க.

அண்ணி: போர்ட எவ பாத்தா? வேர் மேல ஏறி, இடது பக்கம் ஒடிச்சா... ஒரு சரிவு. நம்ம குன்னுல நான் எப்பவும் விழுவேனே, அச்சு அசல் அதே மாதிரி. அங்கயும் விழுந்தேன்.

நாத்தனார்: அடி கிடி...

அண்ணி: ஒண்ணுமில்ல. நான் விழுந்த எடத்துல மட்டும் மெத்துனு மரத்தூள் கொட்டியிருந்துச்சு. எந்த மகராசன் யோசிச்சானோ... ஆனா ஒண்ணு. எழுந்து பாத்தா சிரிக்கறதுக்கு நீ இல்ல. அப்பதான் அழுகையா வந்துச்சு.

நாத்தனார்: ஹிஹி...

அண்ணி: இப்ப என்ன சிரிப்பு? ஏய்... இந்த ஒரு மாசமா எங்க வேலைன்னு சொன்ன?

நாத்தனார்: குழாயத் தெறக்கட்டுமா?

அண்ணி: தொடாத. சொல்லு.

நாத்தனார்: ஒன் இஷ்டத்துக்கு ஒரு பாதை வெட்டுன்னு அந்த மலை மொதலாளி சொன்னாரு. நம்ம குன்ன விட்டா எனக்கு வேற எந்த மலை தெரியும்?

அண்ணி: அடிப்பாவி. அப்ப அந்த மரத்தூளு?

நாத்தனார்: இவ்ளோ சின்னச் சரிவுல யாரும்மா விழப்போறான்னு அவரு கேட்டாரு. எங்கண்ணி எனக்குத் தெரியாம ஒருநா வருவாங்க, கொட்டி வைங்கன்னேன்.