வெள்ளை மூடிக் குப்பி

உங்கள் காப்பி நன்றாக இருக்கிறது. காவல் நிலையத்துக் காப்பி கழுநீர் மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன், மன்னியுங்கள். நடைக்கூடத்தில் நிற்கும் அந்த இயந்திரம்தானே போட்டது? அதனால்தான். யார் பொத்தானை அழுத்தினாலும் ஒரே அளவு தூள், ஒரே அளவு தண்ணீர். மனிதர்கள் போட்டால் அவரவர் மனநிலையும் சேர்ந்து கோப்பைக்குள் விழுந்துவிடும்.

என் பெயர் டோரிஸ் ஈசலின். பிறந்ததும் வளர்ந்ததும் இதே பாசல் நகரத்தில்தான். மருந்து நிறுவனத்தில் எடைப் பிரிவுக்குத் தலைவி. நேற்று உங்கள் ஆட்கள் எங்கள் அறைக்கு வந்து, எடை போடும் இயந்திரத்தின் கதவில் முத்திரை ஒட்டிவிட்டுப் போனார்கள். ரைன் ஆற்றில் மூழ்கி இறந்த எங்கள் ஃப்ளூரின் காடோனாவின் இரத்தத்தில் ஏதோ இருந்ததாகவும், அது இயந்திரத்திலிருந்து கசிந்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். அது அபாண்டம். அதைச் சொல்லத்தான் நானாகக் கிளம்பி வந்தேன். அந்த அம்மாள் தட்டச்சு செய்யட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

எங்கள் வேலை கேட்பதற்கு எளிது. புது மருந்து தேடுகிறவர்கள் ஆயிரக்கணக்கான பொடிகளைச் செய்து குப்பிகளில் அனுப்புவார்கள். ஒவ்வொன்றிலும் உப்புக்கல் அளவு எடுத்து, நிறுத்து, கரைத்து, குழித் தட்டுகளில் ஊற்றித் தருவது நாங்கள். தட்டு உள்ளங்கை அகலம்தான், ஆனால் அதில் முந்நூற்று எண்பத்து நான்கு குழிகள். எந்தக் குழியில் எந்தப் பொடி என்பது தப்பினால், அதற்குப் பிறகு நடக்கும் அத்தனை ஆராய்ச்சியும் விழலுக்கு இறைத்த நீர்தான்.

என் இளமை முழுவதும் அந்தத் தராசின் முன்னால் போயிற்று. மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். பெருமூச்சு விட்டால் எண் ஆடும். கை என்பது நம்பத்தகாத பொருள் என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். திங்கட்கிழமைக் கை வேறு, வெள்ளிக்கிழமைக் கை வேறு. ஃபாஸ்நாக்ட் திருவிழாவில் மூன்று நாள் மேளம் அடித்துவிட்டு வந்தவனின் கை எதிலும் சேர்த்தி இல்லை. அந்த வாரத்து எடைகளைத் தூக்கிக் குப்பையில் போடலாம், ஆனால் யாரும் போட மாட்டார்கள். எல்லோரும் மேளம் அடித்தவர்கள்தானே.

அதனால்தான் வ்ரேனியைக் கொண்டுவந்தோம். இயந்திரத்துக்கு அந்தப் பெயரை வைத்தது ஃப்ளூரின். கிராவ்புண்டன் மலையிலிருந்து வந்தவன். வெள்ளை ஒயினும் பாலாடைக்கட்டிப் பணியாரமும் வைத்துப் பெயர்சூட்டு விழா நடத்தினோம். இயந்திரத்தின் உடம்பை நான் தேர்ந்தெடுத்தேன், அதற்குப் புத்தி எழுதியவன் அவன். கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் பொடியை எடுத்து, நிறுத்து, கரைத்து, தட்டில் ஊற்றுவாள். அலுப்பு, சலிப்பு ஒன்றும் கிடையாது. முதல் நாள் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கண்ணீர் வந்தது. ஃப்ளூரின் பார்த்துவிட்டான்.

"என்ன மகாராணி, பொண்ணக் கட்டிக் குடுக்கற மாதிரி நிக்கற?"

எனக்கு அவனைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பத்து வருஷம் ஒன்றாக வேலை செய்தோம், ஒருநாளும் முகம் கோணியதில்லை.

வ்ரேனி சில பொடிகளைத் தொட மாட்டாள். ஒட்டிக்கொள்கிறவை, மின்னேற்றம் பிடித்துப் பறக்கிறவை. அவற்றைத் தனித் தட்டில் ஒதுக்கி வைத்துவிடுவாள். அவற்றை மட்டும் இன்னும் கையால் நிறுக்க வேண்டியிருந்தது. ஃப்ளூரின் அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டான். "மருமக தொடாததெல்லாம் மாமியார் தலையில," என்று முணுமுணுத்துக்கொண்டே தினமும் சாயங்காலம் கடைசி வேலையாக அதைச் செய்வான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் தலைமையகத்திலிருந்து பெரியவர்கள் வ்ரேனியைப் பார்க்க வந்தார்கள். பிடித்துப்போனால் மற்ற ஊர்க் கிளைகளிலும் வாங்குவார்கள். குழித் தட்டின் ஒரு மூலை மட்டும் சற்றுச் சீவப்பட்டிருக்கும், எது முன்பக்கம் என்று தெரிவதற்காக. அந்த மூலையைப் பார்க்க வ்ரேனிக்கு ஒரு மின்கண் உண்டு. அது தொட்டாற்சிணுங்கி. விளக்கு வெளிச்சம் சற்றுப் பிரதிபலித்தாலும் வேலையை நிறுத்திவிட்டுக் கூவும். விருந்தாளிகள் முன்னால் அது கூவுவதை நான் விரும்பவில்லை, அணைத்து வைத்தேன். அவர்கள் போன பிறகு மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லலாம். மறக்கவில்லை. அறை அமைதியாக இருந்தது, அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்தச் சமயத்தில் தட்டு விற்கிறவர்கள் பட்டைக்குறிச் சீட்டை வழக்கமான பக்கத்தில் ஒட்டாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டி ஒரு பெட்டித் தட்டுகள் அனுப்பிவிட்டார்கள். வ்ரேனி சீட்டைத்தான் தேடுவாள். சீட்டு தன்னைப் பார்க்கும்படி ஒவ்வொரு தட்டையும் முன்பின்னாகத் திருப்பி வைத்து, சரியாக நிறுத்து, சரியாக ஊற்றியிருக்கிறாள். ஆக, முதல் குழியில் இருக்க வேண்டியது கடைசிக் குழியில். கடைசிக் குழியில் இருக்க வேண்டியது முதல் குழியில். அவள் மேல் குற்றம் இல்லை என்பதைக் கவனியுங்கள். சொன்னதைச் செய்தாள்.

அந்தத் தட்டுகள் ஈரல் சோதனைக்குப் போனவை. ஈரல் உயிரணுக்களைக் கொல்லும் ஒரு பொடி, கொல்லாத ஒன்றின் முடிவைத் தன் பெயரில் வாங்கிக்கொண்டு தேறிவிட்டது. மறுபடி சோதிக்கவில்லையா என்று கேட்பீர்கள். சோதித்தார்கள், அதே தட்டிலிருந்து படியெடுத்த தட்டுகளில். எலிகளுக்கும் கொடுத்தார்கள், அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. எலியின் ஈரல் வேறு, நம் ஈரல் வேறு. அந்தப் பொடி மூட்டுவாத மாத்திரையாக வளர்ந்து, ஆரோக்கியமான ஆட்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் கட்டம் வரை வந்துவிட்டது.

இதைக் கண்டுபிடித்தவன் ஃப்ளூரின். உறைபெட்டியைச் சுத்தம் செய்தபோது அந்தப் பழைய தட்டுகளில் ஒன்று கையில் கிடைத்திருக்கிறது. ஒன்பது மணி இடைவேளையில், நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, எதிரே வந்து உட்கார்ந்தான்.

"டோரிஸ், ஒரு நல்ல சேதி, ஒரு கெட்ட சேதி. நம்ம வ்ரேனி சொன்ன பேச்சு தட்டாத பொண்ணு. அது நல்ல சேதி."

"கெட்டது?"

"அதேதான் கெட்டதும். தட்டத் திருப்பி வைன்னாலும் மறுபேச்சு பேசாம வைப்பா. வச்சிருக்கா." மேசையில் இருந்த பிஸ்கட் டப்பாவை மெதுவாக முன்பின்னாகத் திருப்பிக் காட்டினான். "மூல பாக்கற கண்ண யாரு அணைச்சது?"

"நான்தான்."

கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் சிரித்தான். "சரி விடு. நானும்தான் கவனிக்கல. ரெண்டு பேரும் சேந்தே போய்ச் சொல்லுவோம். திட்டுவாங்க, வாங்கிக்குவோம். அந்த மாத்திரைய மனுசங்க முழுங்கறதுக்கு முன்னாடி சொல்லிரணும், அவ்வளவுதான்."

"சொன்னா வ்ரேனிய என்ன செய்வாங்க?"

"கொஞ்ச நாள் மூடி வைப்பாங்க. எல்லாத்தையும் மறுபடி கையால நிறுக்கச் சொல்லுவாங்க. உனக்கும் எனக்கும் கழுத்து வலிக்கும். அதுக்காகச் செத்தா போயிருவோம்?"

"திங்கக்கிழம வரைக்கும் பொறு. நான் ஒரு தடவ சரிபாத்துக்கறேன்."

"பாத்துக்க. திங்க காலையில நான் மாடிக்கு, மேலதிகாரிங்ககிட்டப் போயிருவேன். நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

அவன் மிரட்டவில்லை. அவனுக்கு அந்தப் புத்தி கிடையாது. ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. பதவி போகும் என்று இல்லை. எனக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. மறுபடியும் அந்த அறையில் பெருமூச்சுகளும், மேளம் அடித்த கைகளும், 'இன்னிக்கு எனக்குத் தலைவலி' என்ற பேச்சுகளும் வந்து உட்காருவதை நினைத்தேன். பிற ஊர்க் கிளைகளிலும் இயந்திரங்களை மூடிவிடுவார்கள். ஒரு சீட்டு இடம் மாறியதற்கு இத்தனை தண்டனையா? நீங்களே நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

எங்களிடம் அபாயமான பொடிகள் சிவப்பு மூடிக் குப்பியில் இருக்கும். அவற்றை மூடிய பெட்டிக்குள், தடித்த உறை போட்ட கைகளால் மட்டும்தான் தொட வேண்டும். சாதாரணமானவை வெள்ளை மூடி. சிவப்பு மூடிகளில் ஒன்று, மூச்சைத் தாழ்த்தித் தூங்க வைக்கும் வகை. கண்ணுக்குத் தெரியாத துகளே ஆளைச் சாய்த்துவிடும் என்று அந்த ஆராய்ச்சியைக் கைவிட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அதைத் தேடி எடுத்து, மூடியையும் சீட்டையும் மாற்றி, வ்ரேனி ஒதுக்கிய குப்பிகளின் வரிசையில் வைத்தேன். தராசின் பக்கத்தில் மின்னேற்றத்தைத் தணிக்கும் சிறு ஊதி ஒன்று உண்டு. பொடி பறக்கட்டும் என்று அதன் இணைப்பைப் பிடுங்கினேன். பிறகு கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது பொடியா, கொசுக்கூட்டமா?" என்று ஃப்ளூரின் உள்ளேயிருந்து கத்தினான். "கரண்டியில நிக்கவே மாட்டேங்குது." அவன் எப்போதும் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு வேலை செய்கிறவன். எத்தனையோ தடவை கண்டித்திருக்கிறேன். அன்று கண்டிக்கவில்லை.

ஆகஸ்ட் மாதத்தில் வேலை முடிந்ததும் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்வோம். துணிமணியை நீர் புகாத மீன் வடிவப் பையில் போட்டுச் சுருட்டிக் கட்டி, அதையே மிதவையாகப் பிடித்துக்கொண்டு ரைனில் இறங்கி, ஆற்றோடு மிதந்தே வீடு போய்ச் சேருவது. படித்துறையில் அவன் இரண்டு தடவை கொட்டாவி விட்டான். பையைக் கட்ட விரல் ஒத்துழைக்கவில்லை, நான்தான் கட்டிக் கொடுத்தேன்.

"என்னமோ தூக்கம் தூக்கமா வருது டோரிஸ். இன்னிக்கு டிராம்லயே போயிரவா?"

"தண்ணியில இறங்கினா தெளிஞ்சிரும்," என்றேன்.

அவன் என் பேச்சைத் தட்ட மாட்டான். இறங்கினான். வெட்ஸ்டைன் பாலம் வரை பேசிக்கொண்டே வந்தோம். தன் மனைவி லாதினா சுரைக்காய் கொண்டு ஏதோ புதுச் சமையல் செய்யப்போவதாகவும், அதற்குப் பயந்தே மெதுவாக மிதப்பதாகவும் சொன்னான். அப்புறம் வார்த்தைகள் குழறின. சுற்றிலும் ஏராளமான பேர் மிதந்துகொண்டிருந்தார்கள், எல்லோரும் சிரித்துக்கொண்டு. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆற்றில் கண்ணை மூடிக்கொண்டு மிதக்கிறவனை யார் பார்ப்பார்கள்? அவன் கை பையிலிருந்து நழுவியது. நான் அவனைத் தள்ளவில்லை, அழுத்தவில்லை. பை மிதந்து போய்விடக் கூடாதே என்று அதைப் பிடித்துக்கொண்டேன். அதில் அவன் வீட்டுச் சாவி இருந்தது.

ஆம், அவனைக் கொன்றது நான்தான். அவன் நிறுத்துத் தீர்க்கும் வரை காத்திருந்து, தூக்கம் வரும் வேளை பார்த்து அவனை ஆற்றுக்கு அழைத்துப் போனேன். குப்பியையும் கரண்டியையும் பின்னர் நானே அழித்தேன். இயந்திரம் எதையும் கசியவிடவில்லை. அந்தக் குப்பியை அது தொட்டதே இல்லை. இந்த வாக்கியத்தைத் தனியாக எழுதிக்கொண்டால் நல்லது.

அடக்கத்துக்குப் போனேன். லாதினா என் தோளில் சாய்ந்து அழுதாள், நானும் அழுதேன். அது பொய் அழுகை இல்லை. மறுவாரம் மேலிடத்துக்கு ஓர் அறிக்கை எழுதினேன், கையால் நிறுக்கும் வேலையை அடியோடு நிறுத்த வேண்டும் என்று. களைப்பால்தான் அவன் மூழ்கினான் என்று எல்லோரும் நம்பியதால் உடனே ஒத்துக்கொண்டார்கள். இனி எங்கள் அறையில் எவரும் கழுத்து வலியோடு உட்கார மாட்டார்கள். அவன் சாவிலிருந்து அவ்வளவு நன்மையாவது விளைந்தது.

அந்த மாத்திரையா? ஃப்ளூரினைப் பற்றித்தான் கேட்பீர்கள் என்று நினைத்தேன். அது என் பிரிவு அல்ல. அதற்கு வேறு கட்டடம், வேறு ஆட்கள். ஆரோக்கியமான ஆறு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், பெரும்பாலும் மாணவர்கள். இன்று காலை முதல் மாத்திரை கொடுப்பதாக இருந்தது. நான் இங்கே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் விழுங்கியிருப்பார்கள்.

தொலைபேசியை எடுக்கிறீர்கள். எடுங்கள், நான் காத்திருக்கிறேன். பேசி முடித்த பிறகு, தயவுசெய்து, வ்ரேனியின் கதவில் இருக்கும் முத்திரையையும் பிரிக்கச் சொல்லுங்கள். மின்சாரத்தை வேறு நிறுத்திவிட்டார்கள். அவள் தனியாக இருட்டில் நிற்கிறாள். நேற்று முதல் எனக்கு அதே நினைவுதான், ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.