ரோட்ரிகோ என்று ஒருவர் இல்லை

எனக்குத் தொலைபேசியில் பேச வராது. எங்கள் இணையதளத்தில் பெயரோ எண்ணோ இல்லாததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. நடத்துவது யார் என்று கண்டுபிடிக்க உங்களை இவ்வளவு அலைய வைத்ததற்கு வருந்துகிறேன். கடிதங்களில் கையெழுத்திடும் ரோட்ரிகோ நான்தான். கோபக்கார வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதும் பெர்னார்டாவும் நான்தான். பெர்னார்டா கொஞ்சம் கண்டிப்பானவள். எனக்கே அவளிடம் பயம் உண்டு.

வேலை எளிது. ஒரு நிறுவனத்தின் பெயரில் யார் யார் மின்னஞ்சல் அனுப்பினார்கள், எது அசல், எது போலி என்று பெரிய அஞ்சல் நிறுவனங்கள் தினமும் குறிப்பு அனுப்பும். அது இயந்திரத்துக்குத்தான் புரியும். அதை மனிதர்கள் படிக்கிற அறிக்கையாக மாற்றித் தருவதுதான் எங்கள் சேவை. எல்லோரும் முதலில் ‘கவனி, தடுக்காதே’ என்ற அமைப்பில்தான் தொடங்குவார்கள். பிறகு ‘தடு’ என்று மாற்ற வேண்டும். யாரும் மாற்றுவதில்லை. நானும் நினைவூட்டுவதில்லை. எல்லாவற்றையும் தடுத்துவிட்டால் கவனிக்க என்ன மிஞ்சும்?

இங்கே குயெங்காவில் டாக்டர் எஃப்ராயினின் பரிசோதனைக் கூடம்தான் எங்கள் முதல் வாடிக்கையாளர். பக்கத்து வீட்டு சொயிலா அம்மாவுக்கு அக்குளில் ஒரு கட்டி. சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். துணைக்கு நான் போனேன். உள்ளே அவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் வரவேற்பு மேசைக்கு வந்தார்.

“மிரேயா, இந்த மெயில் அறிக்கை அனுப்புறவன் யாரு? மாசாமாசம் ‘எல்லாம் நலம்’னு எழுதுறான். என் மாமியார்கூட இதவிட சுவாரசியமா பேசுவாங்க.”

“ரோட்ரிகோன்னு ஒருத்தர், டாக்டர். ரொம்ப மரியாதையா எழுதுவார்.”

“மரியாதைய வச்சு நான் என்ன பண்றது? இந்த மாசத்தோட நிறுத்திடு.”

நான் நாற்காலியில் உட்கார்ந்து பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முகம் சுட்டது. நலமாக இருப்பது ரோட்ரிகோவின் குற்றமா?

அந்தக் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. நல்ல முடிவு மின்னஞ்சலில் வந்துவிடும். கெட்டது வராது, நேரில் போய் உறையை வாங்க வேண்டும். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும்.

சேவை நின்றுவிடக் கூடாது என்று, அறிக்கையில் காட்டக் கூடத்தின் பெயரில் ஒரு போலி அஞ்சலை நானே அனுப்பினேன். எனக்கு நானே அனுப்பியிருக்கலாமே என்கிறீர்கள். முதலில் அப்படித்தான் செய்து பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. யாரும் ஏமாறாத ஒன்றைப் போலி என்று அறிக்கையில் போடுவது நேர்மையில்லை. முடிவுக்குக் காத்திருக்கும் ஒருவருக்குப் போனால்தான் அது உண்மையான போலி. சொயிலா அம்மாவின் முகவரி எனக்குத் தெரியும். அவருடைய கைபேசியில் அதை அமைத்துக் கொடுத்ததே நான்தான். பயமுறுத்தி எழுத எனக்கு வராது. ‘கவலைப்பட ஒன்றும் இல்லை, நேரில் வரத் தேவையில்லை’ என்று நல்ல விதமாகவே எழுதினேன்.

மறுநாளே கதவைத் தட்டினார். கையில் இலையில் வேகவைத்த கிம்போலித்தோ இனிப்பு, ஆவி பறக்க.

“நொயெமி! கட்டி வெறும் கட்டிதானாம்! எழுதிட்டாங்கடி!”

“சந்தோஷம்மா.”

“சந்தோஷம்மாவாம். முகத்தப் பாரு, சாவு வீட்டுக்கு வந்த மாதிரி. கொஞ்சம் சிரியேன், பல்லு தேஞ்சா போயிடும்? உறைய வாங்கப் போகணுமோன்னு நேத்தெல்லாம் தூக்கமே இல்ல. இனி அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்.”

நான் இரண்டு சாப்பிட்டேன். உலர்திராட்சை நிறையப் போட்டிருந்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் ரோட்ரிகோ யார் என்று சொல்ல வேண்டி வரும். அத்தனை சந்தோஷமாக இருந்தவரிடம் நிறுவன நிர்வாகத்தைப் பற்றியெல்லாம் பேசுவது முறையாகவும் படவில்லை.

அந்த மாத அறிக்கையைப் பார்த்து டாக்டர் மிரண்டுபோனார். சேவையை நிறுத்த வேண்டாம் என்று தம் கைப்படவே எழுதினார். ‘தொடர்ந்து கவனிப்போம்’ என்று ரோட்ரிகோ பதில் எழுதினார். அந்த அஞ்சல் யாருக்குப் போனது என்று அறிக்கை சொல்லாது, டாக்டரும் கேட்கவில்லை. கூடத்து அலமாரியில் சொயிலா அம்மாவின் உறை யாரும் வாங்காமல் கிடந்தது.

கட்டி வளர்ந்தது. வலிக்கிறது என்று சொயிலா அம்மா சொல்லும்போதெல்லாம் சுடுநீர் ஒத்தடம் கொடுத்தேன். அதை நான்தான் கொடுத்தேன், அவருடைய மகள் அல்ல. மகள் தலைநகர் கீட்டோவிலிருந்து வந்து பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனபோது, முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார்களாம். ஈஸ்டருக்கு முன்பே சொயிலா அம்மா போய்விட்டார்.

மகள் அந்த அஞ்சலை டாக்டரிடம் காட்ட, அவர் எங்கள் பழைய அறிக்கையை எடுத்து உங்களிடம் கொடுத்திருக்கிறார். அஞ்சல் எந்த இயந்திரத்திலிருந்து கிளம்பியது என்று அதில் சரியாகப் போட்டிருந்தேன். அறிக்கையில் நான் எதையும் மறைத்ததில்லை. நீங்கள் என் வீட்டுக்கு வந்ததே அதன் துல்லியத்துக்குச் சான்று.

வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சேவையை நடத்துவது நான். அஞ்சலை அனுப்பியதும் நான். உறையில் என்ன இருக்கும் என்று எனக்கும் ஓரளவு தெரிந்துதான் இருந்தது. அன்று கூடத்திலிருந்து எங்களை வழியனுப்பும்போது மிரேயா என் கண்ணைப் பார்க்கவில்லை. ஆனால் கிம்போலித்தோவோடு என் கதவருகே நின்ற சொயிலா அம்மாவின் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. அவருடைய கடைசிக் காலத்தில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்தவர் வேறு யார் இருக்கிறார்கள்? அதையும் என் பெயரிலேயே போடுங்கள், ரோட்ரிகோ பெயரில் வேண்டாம்.