காட்டுச் சபையின் ஒன்பதாம் விதி

கயிற்றை வேகமாக இழுத்துக்கொண்டிருந்தேன், ஐயா. நனைந்த நார்க்கயிறு கையை அறுக்கும். அதனால் துண்டைச் சுற்றிக்கொண்டேன். பங்குனி வெயில் உச்சியில் நின்றது. அரக்கோணம் ரோட்டுக்கு மேற்கே, புதர் மூடிய அந்தப் பாழுங்கிணற்றில் படிகள் எப்போதோ சரிந்துவிட்டன. இறங்கவும் ஏறவும் கயிறு ஒன்றுதான் வழி. கடைசி முழம் மேலே வந்ததும் வளையமாகச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டேன். கீழேயிருந்து குரல் வந்தது.

"மச்சான், கயிறு மேல போய்கினு இருக்குது பாரு."

அது என் பாவா கங்காதரன். என் அக்காள் சந்திராவின் புருஷன். கயிறு தானாக நழுவுகிறது என்றே நினைத்தார், பாவம்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அது என்ன சட்டம் என்று கேட்டீர்கள். ஏட்டையா நிதானமாக எழுதிக்கொள்ளட்டும். நானும் எழுத்து வேலைக்காரன்தான், கை வலி எனக்குத் தெரியும்.

என் பெயர் சுந்தரமூர்த்தி. தாலுக்கா கச்சேரி வாசலில் பத்திரம் எழுதுகிறேன். பதினெட்டு வருஷத்தில் நான் எழுதிய ஒரு வாக்கியத்தைக்கூட எந்த வக்கீலும் உடைத்ததில்லை.

நாற்பத்தாறு கார்த்திகைக் கடைசியில் டில்லியில் பெரியவர்கள் தேசத்துக்குச் சட்டம் எழுத உட்கார்ந்தார்கள். நாங்களும் மலையடிவாரத்தில், கௌரியம்மாள் இட்லிக் கடையில் உட்கார்ந்தோம். பாவா, தையற்கார சேட்டு, ஜட்கா ஓட்டும் கஜபதி, நான். மனுஷருக்கு அவர்கள் எழுதிவிடுவார்கள், மலையில் இருக்கிற மிருகங்களுக்கு யார் எழுதுவது என்று பாவாதான் ஆரம்பித்தார். விளையாட்டாகத்தான்.

ராஜா கிடையாது. குலத்துக்கு ஒரு ஓட்டு. ஆட்டுக் குலத்துக்கு மட்டும் இரண்டு. எல்லோரும் அதைத் தின்கிறார்கள் அல்லவா. மயிலுக்கு ஓட்டே இல்லை. அது சாமி வாகனம், கட்சி சேரக் கூடாது. இதெல்லாம் பாவா சொன்னது. அவர் சொன்னால் கடையே சிரிக்கும். சேட்டு ஆடு, கஜபதி நரி, பாவா குரங்கு. நான் காகம். சட்டம் எழுதுவது, சபையில் கேள்வி கேட்பது, தீர்ப்பை நிறைவேற்றுவது மூன்றும் காகத்தின் வேலை.

மற்றவர்கள் சிரித்தார்கள், நான் எழுதினேன். மூன்று மாசத்தில் நூற்றுப்பத்து விதி. ஒருவரும் படித்ததில்லை, நோட்டு என்னிடம்தான் இருக்கும். எனக்கென்று அப்படி ஒரு இடம் அதற்குமுன் இருந்ததில்லை, ஐயா. அங்கே எழுதியது எழுதியபடி நடக்கும்.

காட்டில் தூக்குமரம் இல்லை, ஜெயில் இல்லை. ஆகவே ஒன்பதாம் விதியில் ஒரே தண்டனை வைத்தேன். குற்றவாளிக்கு யாரும் கை கொடுக்கக் கூடாது. கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது. அவன் குரலைக் காற்றின் குரலாகக் கொள்ள வேண்டும்.

மாசிக் கடைசியில் ஒரு நாள் பாவா சொன்னார்: "காக்கா மாத்தி மாத்தி வரணும் மச்சான். ஒரே காக்கா எத்தினி நாளு கத்தும்?"

"அடுத்த வாரம் நரிதான் காக்கா. நோட்ட இப்டி குடு," என்றார் கஜபதி.

"ஒனக்குக் கையெழுத்தே வராது, நீ சட்டம் எழுதப் போறியா?" என்று கௌரியம்மாள் அடுப்படியிலிருந்து கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

சிரித்ததில் தவறில்லை. ஆனால் சட்டம் எழுதுகிறவனையே மாற்றலாம் என்றால் அப்புறம் சட்டம் எதற்கு? சபைத் துரோகம் என்று பாவா மேல் குற்றம் பதிந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை.

"என்னா மச்சான், மூஞ்சி இம்மாம் நீளமா கீது?" என்று கேட்டுவிட்டு, பாவா குற்றவாளி இடத்தில் போய் நின்று குரங்கு மாதிரி விலாவைச் சொறிந்துகொண்டார். நான் கேள்வியைப் படித்தேன். சபை ஓட்டுப் போட்டது. தீர்ப்பை எழுதிக்கொண்டேன். பிறகு பாவா எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போய், நிலத்துக்கு எல்லை பார்க்கப் போன இடத்தில் நோட்டு கிணற்றில் விழுந்துவிட்டது என்றேன். உடனே கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "ஒன் சட்டம் தண்ணி குடிச்சிகினு இருக்குதா? வா, எடுத்துக் குடுத்துடறேன்," என்று இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீரில் துழாவினார். நோட்டு என் பையில் இருந்தது.

மூன்று நாள் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்திருந்தேன். தீர்ப்பு நிறைவேறுகிறதா என்று பார்க்க வேண்டுமே. முதல் நாள் என்னைக் கூப்பிட்டார். இரண்டாம் நாள் அக்காளை. மூன்றாம் நாள் வந்த சத்தத்தில் பேர் எதுவும் இல்லை. அக்காள் வந்து அழுதபோது, "அரக்கோணத்துல ரயில்வே வேலை கேட்டுகினு இருக்காருக்கா, வந்துடுவாரு," என்றேன்.

நான்காம் நாள் கிணற்றில் சத்தம் நின்றது. எனக்கு நிற்கவில்லை. கச்சேரி வேப்பமரத்தில் ஒரு இலைகூட அசையாத மத்தியானத்தில் காதுக்குப் பக்கத்தில் 'மச்சான்' என்று கேட்கிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை. மலைப்படியில் குரங்குகள் எல்லோர் கையிலும் தேங்காய் மூடியைப் பிடுங்குகின்றன. என்னைக் கண்டால் மட்டும் வரிசையாக முதுகைத் திருப்பிக்கொள்கின்றன. ஐந்தாம் நாள் ஆடு மேய்க்கிறவர்கள் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். ஒரு வாரம் பொறுத்து நானாகத்தான் கயிற்றோடு இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

பாவாவை மன்னித்ததாகவே சேட்டும் கஜபதியும் சாட்சி சொன்னார்கள் என்றீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒன்பதாம் விதியில் அந்தத் தண்டனைக்கு நான் வைத்த பெயர் 'விட்டுவிடுதல்'. சபைக்கான கேள்வியை நாலு தடவை எழுதிப் பார்த்தேன். 'மன்னிக்கலாமா' என்று எழுதி அடித்தேன். 'ஒதுக்கலாமா' என்பதையும் அடித்தேன். கடைசியில் படித்தது இதுதான்: "குரங்குக் குலத்துக் கங்காதரனை விட்டுடலாமா?"

சேட்டு இரண்டு தடவை "ஆங்" என்றார். கஜபதி, "ஆங், விட்டுடலாம், போவட்டும்," என்றார். பத்திரத்தில் இருப்பதுதான் பேச்சு. கையெழுத்துப் போடுகிறவன் மனசுக்குள் என்ன நினைத்தான் என்பதை நான் எழுதுவதில்லை.

இன்னொன்றையும் ஏட்டையா குறித்துக்கொள்ளட்டும். தீர்ப்பு ஏகமனதானது. குரங்குக் குலத்துக்கும் ஓட்டு உண்டு. எல்லோருக்கும் முன்னால், சிரித்துக்கொண்டே, முதல் 'ஆங்' சொன்னவர் பாவாதான்.