கையால் தள்ளினால் நகரும் கார்

இன்ஸ்பெக்டர், உங்கள் நிலையத்து வாசலில் வண்டி நிறுத்தும் ஒழுங்கு அவ்வளவு சரியில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் படிக்குக் குறுக்கே நிற்கிறது. அதைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தேன். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் இருப்பதால் கண்ணில் பட்டது. அந்த அனுபவத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். உங்களை அர்ஜுனன் என்று பெயர் சொல்லியே கூப்பிடலாம் என்றீர்கள். உங்கள் நல்ல மனசு. ஆனாலும் பதவிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துப் பழகியவன் நான்.

என் பெயர் விஸ்வலிங்கம். அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். என் அப்பா குமாஸ்தா, அவருடைய அப்பாவும் குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பலில் வந்து இறங்கிய நாள் முதல் எங்கள் குடும்பத்தில் எல்லாரும் அடுத்தவர் சொன்ன தீர்ப்பை அழகாகத் தட்டச்சு செய்தவர்கள்தான். தீர்ப்புச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. பாதி ஆயுளை வாடகை வீட்டில் கழித்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகுதான் பினாங்கில், டத்தோ கிராமாட் ரோட்டை ஒட்டிய சந்தில், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், இந்த மாடி வீட்டை வாங்கினேன். மேலே நானும் என் மனைவி செல்வநாயகியும். கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டோம். முதன்முதலாக ஒருவர் என்னை 'வீட்டுக்காரர்' என்று சொன்னபோது, உண்மையைச் சொல்கிறேன், காது குளிர்ந்தது.

குடிவந்தவர்கள் லோகேஸ்வரனும் பிரமிளாவும். சின்ன வயதுத் தம்பதி. அவன் பாலம் தாண்டி மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலைக்குப் போய் வருபவன். பழைய சாகா கார் ஒன்று வைத்திருந்தான். பக்கத்து வீட்டில் கமாலுதீனும் அவர் மனைவி ஆசியா பீவியும். அவர்களிடம் ஒரு சின்ன மைவி கார். எனக்குக் கார் கிடையாது. லைசென்ஸ் இருக்கிறது.

எங்கள் சந்தில் வீடுகளுக்குக் கார் நிறுத்த முற்றம் இல்லை. அவரவர் வாசலை ஒட்டி ரோட்டோரத்தில் ஒரு கார் நிற்கும். என் வாசலில் மட்டும் மின்கம்பம் நிற்கிறது. ஆகவே லோகேஸ்வரன் கமாலுதீனின் இடத்தில் நிறுத்திப் பார்த்தான். கமாலுதீன் அங்கே பூச்சட்டி வைத்தார். அதை நகர்த்தினான். பெயிண்ட் டின்னில் சிமெண்டை ஊற்றிக் கம்பி நட்டு வைத்தார். அதைத் தூக்க முடியாமல், அவருடைய மைவிக்கு வெளிப்பக்கம், ஒட்டினாற்போல நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டான். மைவி முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. அன்று காலை சந்து இரண்டுபட்டது. இரண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்து என்னிடம் வந்தார்கள்.

அவர்களை உட்கார வைத்தேன். செருப்பை வெளியே விடச் சொன்னேன். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக்கூடாது என்றேன்.

"சார், எனக்கு ரோட்டு மேல ஆசை இல்ல சார்," என்றார் கமாலுதீன். "வீட்ல இவளுக்கு மூச்சு இழுப்பு. எப்ப வரும்னே சொல்ல முடியாது. வந்துச்சுன்னா அள்ளிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். மைவி காடிய வெளிய எடுக்க வழி இருந்தாப் போதும் சார்."

"அங்கிள், நான் மட்டும் என்ன லா செய்றது?" என்றான் லோகேஸ்வரன். "ஷிப்ட் முடிஞ்சு வந்தா ஒரு இடமும் இல்ல. காடிய தலையில தூக்கி வச்சிக்கிட்டுத் தூங்கவா?"

ஆக, ஆசியா பீவியின் நோய் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை. முதல் விசாரணையிலேயே பதிவானது அது.

திங்கள், புதன், வெள்ளி ஒருவருக்கு. மற்ற நாட்கள் இன்னொருவருக்கு என்று தீர்ப்புச் சொன்னேன். ஷிப்ட் மாறியது, தீர்ப்பு உடைந்தது, மறுபடி வந்தார்கள். மறுபடி சொன்னேன். அதுவும் உடைந்தது. தீர்ப்புச் சொன்ன பிறகுதான் தேநீர் வர வேண்டும் என்று செல்வநாயகியிடம் சொல்லி வைத்திருந்தேன். "வீட்டை வாடகைக்கு விட்டீங்களோ, கோர்ட்டைத் திறந்தீங்களோ?" என்று கேட்டுவிட்டு அவள் கோலாலம்பூருக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு வருத்தமில்லை. அந்தச் சில மாதங்கள் என் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். சாயங்காலம் வந்தால் குளித்து, சட்டை மாற்றி, யார் வருவார்கள் என்று உட்கார்ந்திருப்பேன்.

பிறகு வருவது நின்றுபோனது. சமாதானமாகப் போய்விட்டார்களோ என்று எனக்குக் கவலையாக இருந்தது.

ஒருநாள் மாடியிலிருந்து பார்த்தேன். கமாலுதீன் வெளியே வந்தார். சாகா வழக்கம்போல மைவியை மறித்து நின்றது. அவர் கத்தவில்லை. சாகாவின் பின்பக்கத்தில் கையை வைத்துத் தள்ளினார். அது பசு மாதிரி முன்னால் நகர்ந்து நின்றது. மைவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உங்களுக்குத் தெரியாததா? நாமெல்லாம் பினாங்குக்காரர்கள். காரைக் குறுக்கே நிறுத்தினால் கியரை நடுவில் விட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டுப் போக வேண்டும். மாட்டிக்கொண்டவர் தள்ளிவிட்டுப் போவார். மார்க்கெட் பக்கம் தினமும் நடப்பதுதான். இந்தச் சின்ன யோசனை இத்தனை விசாரணையில் எனக்குத் தோன்றாமல் போனதில் கொஞ்சம் அவமானம். அவர்களுக்குத் தோன்றியதில் அதைவிட அதிகம்.

அதோடு விட்டார்களா? ஆசியா பீவி கீழ்வீட்டுக்கு ரொட்டி ஜாலாவும் கோழிக்கறியும் கொடுத்தனுப்பினார். பிரமிளா கேசரி கிண்டி அந்தப் பக்கம் அனுப்பினாள். எல்லாத் தட்டும் என் மாடிப்படியைத் தாண்டித்தான் போனது. ஒன்றும் ஏறவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதைப் பெரிய வார்த்தையால் மூடி மறைக்க விரும்பவில்லை. லோகேஸ்வரன் காரின் மாற்றுச் சாவியை மட்டும் என்னிடம் கொண்டுவந்தான். "ஒரு அவசரம்னா உங்ககிட்டயும் இருக்கட்டும் அங்கிள்," என்றான். என்னை மதித்ததாக அவன் நினைத்திருப்பான். நீதிபதியைக் கார் நிறுத்துமிடக் காவலாளியாக்குகிறோம் என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

தைப்பூசத்துக்கு முதல் நாள் காலை. இரதம் எங்கள் பெரிய ரோடு வழியாகத் தண்ணீர்மலைக்குப் போகும் நாள். லோகேஸ்வரனும் பிரமிளாவும் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றப் போய்விட்டார்கள். சந்து முழுக்கவே இரதம் பார்க்கப் போயிருந்தது. நான் விரதம். பூசையை முடித்துக்கொண்டு கீழே இறங்கினேன். சாகாவின் கதவைச் சாவியால் திறந்து, ஹேண்ட்பிரேக்கை மேலே இழுத்து, கதவைப் பூட்டிவிட்டு மாடிக்கு வந்தேன். பெரிய வேலை ஒன்றுமில்லை.

என் கணக்கு இதுதான். கமாலுதீன் பசாருக்குப் போக வண்டி எடுப்பார். சாகா அசையாது. கோபம் வரும். சாயங்காலம் லோகேஸ்வரன் திரும்பியதும் வாய்த்தகராறு. இருட்டுவதற்குள் இருவரும் என் கூடத்தில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். இதில் கெட்ட எண்ணம் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

வெயில் ஏறிய பிறகு கமாலுதீனின் சத்தம் கேட்டது. ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். ஆசியா பீவி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். தோள் இரண்டும் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தன. கமாலுதீன் சாகாவைத் தள்ளினார். முதுகைக் கொடுத்துத் தள்ளினார். கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, ஹேண்ட்பிரேக் மேலே நிற்பதைக் கண்டார். போனில் யார் யாரையோ கூப்பிட்டார். ஆம்புலன்ஸ் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறது. பந்தலில் மேளச் சத்தத்தில் லோகேஸ்வரனுக்குப் போன் கேட்கவில்லை. கண்ணாடியை உடைத்துப் பிரேக்கை இறக்கியிருக்கலாம். அடுத்தவன் காருக்குச் சேதம் செய்யத் தோன்றாத மனிதர் அவர். பிறகு என் ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்.

"சார்! சாவி! சாவி இருக்கா சார்?"

சாவி என் கையில்தான் இருந்தது. என்ன நடக்கிறது என்பதும் எனக்குப் புரிந்தது. ஆனால் நான் கைலியில் இருந்தேன். இவ்வளவு நாள் கழித்து இப்போதுதான் ஒருவர் என்னைத் தேடி வருகிறார்; கைலியோடு இறங்குவது முறையல்ல என்று பட்டது. கால்சட்டையைத் தேடி எடுத்துப் போட்டேன். சட்டையை மாட்டினேன். கழுத்துப் பொத்தான் சரியாக மாட்டவில்லை. கண்ணாடி முன் நின்று மாட்டினேன். தலை வாரினேன். திருநீறு கலைந்திருந்தது, மறுபடி பூசினேன். அதற்குள் அவர் நாலைந்து தடவை கூப்பிட்டிருப்பார். கடைசித் தடவை சார் என்றுகூடச் சொல்லவில்லை, 'அண்ணே' என்றார். என்னை அவர் அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை. அது எனக்குப் பிடித்திருந்தது. இன்னொரு தடவை கூப்பிடுகிறாரா என்று நின்று கேட்டேன்.

கூப்பிடவில்லை. நான் இறங்கியபோது படி காலியாக இருந்தது. மனைவியைத் தோளில் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு ஓடியிருக்கிறார். ரோடெல்லாம் இரதத்துக்கு உடைத்த தேங்காய். வழுக்கி ஒருமுறை விழுந்ததாகச் சொன்னார்கள். முதலுதவிக் கூடாரத்தை அடைந்தபோது ஆசியா பீவிக்கு மூச்சு இல்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, ஞாபகத்திலிருந்து பிறகு எழுதிக்கொள்ளலாம்.

ஹேண்ட்பிரேக்கை நான் இறக்கவில்லை. விசாரணை முடியும்வரை சம்பவ இடத்தைக் கலைக்கக்கூடாது. லோகேஸ்வரன் ஓடி வந்து, கதவைத் திறந்து அதைப் பார்த்தான். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"நான்தான் இழுத்துட்டேன் போல அங்கிள்," என்றான். "நாந்தான் இழுத்துட்டேன். கை பழக்கம்."

"கை பழக்கம்தான் தம்பி," என்றேன். "யாருக்கும் வரும்." தண்ணீர்கூடக் கொடுத்தேன். அவன் அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறான் என்று பிரமிளா என்னிடம் வந்து அழுதாள். நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். அடக்கம், பாத்திஹா எல்லாம் முடிந்ததும் கமாலுதீனும் வந்தார். "அந்தப் பையன் ஏன் சார் இப்படிச் செஞ்சான்?" என்று மட்டும் கேட்டார். இரண்டு தரப்பும் மறுபடி என்னிடம் வந்துவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை இருவரையும் வைத்துப் பேசுவோம் என்று நாள் குறித்தேன். கூடத்தைக் கூட்டி நாற்காலிகளைத் துடைத்து வைத்தேன்.

ஞாயிறு யாரும் வரவில்லை. ஜன்னலில் பார்த்தால், லோகேஸ்வரன் கமாலுதீன் வாசலில் தலை குனிந்து நிற்கிறான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீ வேணும்னு செய்வியா தம்பி?" என்றார். "அல்லா அவளுக்குக் குடுத்த மூச்சு அவ்வளவுதான். நீ சாப்பிடு. நீ சாப்பிடலன்னா அவளுக்குப் பிடிக்காது."

அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இருவரும் அழுதார்கள். பிரமிளாவும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் சட்டை, கால்சட்டையோடு மேலே நின்றுகொண்டிருந்தேன்.

அதனால்தான் இங்கே வந்தேன், இன்ஸ்பெக்டர். மனசாட்சி உறுத்தியதா என்று கேட்டீர்கள். அப்படிச் சொன்னால் உங்களுக்கு எழுத வசதியாக இருக்கும் என்று தெரிகிறது. ஆனால் என் கவலை வேறு. கமாலுதீன் தவறான ஆளை மன்னித்திருக்கிறார். அந்தப் பையன் செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கியிருக்கிறான். இரண்டும் முறைப்படி செல்லாது. பிரேக்கை இழுத்தவன் நான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தலை வாரியவனும் நான். இது தெரியாமல் அவர்களாகவே ஒன்றை முடித்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

இருவருக்கும் போன் போட்டு வரச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி நானே பேசித் தீர்த்து வைக்கிறேன். இந்த மேசையைச் சுவரோரமாகக் கொஞ்சம் தள்ளினால் மூன்று நாற்காலி போடலாம். நடுவில் இருப்பது எனக்கு.