தூங்குற இலை

– தூங்குற இலைக்கெல்லாம் வக்காலத்து வாங்காதீங்க சின்னத்தை. இலை எவ்வளவு வெளிச்சத்தை எடுக்குதுன்னு அளக்குற மெஷின் பொய் சொல்லாது.

– மெஷின் சொல்லாது மாப்பிள்ளை. பிடிச்ச கை சொல்லும்.

– எல்லாத் தக்காளித் தொட்டியையும் உச்சி வெயில்ல வெளிய வச்சு நானே அளந்தேன். உங்க மூணாம் நம்பர் வர்ற வெளிச்சத்துல பாதியைக்கூட வேலைக்கு எடுக்கல. சுத்தச் சோம்பேறி.

– அளக்குறதுக்கு முன்னாடி இலைக்குக் கறுப்பு கிளிப் மாட்டி இருபது நிமிஷம் இருட்டுல வச்சீங்களா?

– அந்தக் கிளிப்பா? அதை நான் காகிதம் பறக்காம இருக்க மாட்டியிருக்கேன்.

– நல்லா இருக்கு. படிச்ச மருமகன்னு எங்கக்கா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறா. கேளுங்க. நாலு பேர் சாப்பாட்டை ஒருத்தன் தட்டுல கொட்டினா என்ன செய்வான்? முடிஞ்சதைத் தின்னுட்டு மிச்சத்தைத் தள்ளுவான். இலையும் அப்படித்தான். வெயில் ஏறினா அதுக்குள்ள இருக்கிற ஒரு மஞ்சள் நிறம் உரு மாறும். மிஞ்சின வெளிச்சத்தைச் சூடாக்கி வெளிய விட்டுடும். விடலன்னா அந்த வெளிச்சமே இலையை உள்ளேருந்து அரிச்சிடும். இருட்டுல வச்சாத்தான் அந்தக் குடை மடங்கும்; நீங்க சோம்பேறின்னு அளந்தது விரிஞ்ச குடையை.

– பாடம் போதும். எட்டு வருஷம் ஒரு செடியைக் கட்டிக்கிட்டு அழுதீங்க. நான் ஒரே மத்தியானத்துல ஏழாம் நம்பரைக் கண்டுபிடிச்சேன். ஒரு துளி வெளிச்சத்தை வீணாக்கல. மாமாவும் சரின்னுட்டாரு. பழைய கொட்டகையில ரெண்டாயிரம் நாத்து வளர்த்து, முந்தாநாள் வெட்டவெளியில நட்டாச்சு.

– ஏழா? கடைசி வரிசையில, நிழல்ல, சிவப்புக் கயிறு கட்டினதா?

– அதேதான். பொறாமையா இருக்கா?

– அந்த மஞ்சள் வேலை செய்யாத செடி மாப்பிள்ளை அது. குடை இல்லாட்டி இலை என்ன பாடுபடும்னு ஒப்பிட்டுப் பாக்க வச்சிருந்தேன். கொட்டினதை எல்லாம் தின்னும். அதான் உங்க கண்ணுக்கு வீரனாத் தெரிஞ்சிருக்கு.

– சும்மா பயமுறுத்தாதீங்க.

– அந்தச் சன்னலைத் திறங்க. இலையெல்லாம் வெளுத்திருக்கா?

– ...கொஞ்சம். நட்ட வாட்டம்னு நினைச்சேன்.

– நினைப்பீங்க.

– சரி, வெயில் இன்னும் ஏறல. மூடிடலாம். நிழல் வலை எங்க இருக்கு?

– வலைக்கு வேற வேலை வந்துருச்சு.

– என்ன வேலை?

– நேத்து நீங்க பிடுங்கிக் குப்பையில எறிஞ்சீங்களே மூணாம் நம்பர், அதைப் பொறுக்கி வேலி ஓரமா மறுபடி நட்டிருக்கேன். வேர் பிடிக்கிறவரை அந்தச் சோம்பேறி வலைக்கு அடியிலதான் தூங்கும்.